பீலி வளைவு

கொஸ்லந்தை ஆஸ்பத்திரி
6.9.1954

மரியாதைக்குரிய கிளாக்கர் ஐயா அவர்களுக்கு, ஆனைக்கல் தோட்டத்துத் தப்பால்காரன் வீரய்யா வணக்கம் சொல்லி எழுதுவது.

நலம் என்று தொடங்கத்தான் பார்த்தேன். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லாதவன் அப்படி எழுதினால் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள். மற்றபடி குறை இல்லை. சாப்பிடுகிறேன். பக்கத்துக் கட்டில்காரர் என் சோற்றையும் சேர்த்துக் குறை சொல்லிவிடுவதால் எனக்கு அந்த வேலையும் இல்லை.

நீங்கள் கம்பனியின் பதுளைக் கந்தோருக்கு மாற்றலாகிப் போன செய்தியை என் பெண்சாதி நல்லம்மா வந்து சொன்னாள். ஏழு வருஷம் உங்கள் கையால் தப்பால் பையை வாங்கியவன் நான். போகும்போது ஒரு சொல் சொல்லிவிட்டுப் போயிருப்பீர்கள், நான்தான் இங்கே மயக்கத்தில் கிடந்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐயா, காரியத்துக்கு வருகிறேன். போன மாதம் பதினாலாம் தேதி சனிக்கிழமை பின்னேரம், பெரகலைச் சந்தியிலிருந்து தப்பால் பையோடு நான் சைக்கிளில் இறங்கி வந்தேன். நீங்களும் உங்கள் சைக்கிளில் எனக்குப் பின்னால் வந்தீர்கள். பீலி வளைவில் பெரியதுரையின் கார் மேலே ஏறி வந்தது. நான் இறங்கி, இடப்பக்கத்து ஓரத்தில், மைல்கல்லோடு ஒட்டி நின்றேன். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தேன். கார் வளைவை வெட்டிக்கொண்டு என் பக்கத்துக்கே வந்து, சைக்கிளையும் என் காலையும் கல்லோடு சேர்த்து நசுக்கியது. இது நீங்கள் கண்ணால் பார்த்தது.

நேற்று பொலிஸார் வந்து ஒரு கடுதாசி படித்துக் காட்டினார்கள். நான் பிரேக் இல்லாமல் வேகமாக வந்து, துரையின் பக்கத்துக்குப் போய், காரில் மோதினேனாம். என் பேரில்தான் வழக்கு. ரோட்டில் அப்போது இருந்தது மூன்று பேர். துரை ஒரு மாதிரி சொல்லிவிட்டார். நான் சொன்னால் எடுபடாது. மிச்சம் நீங்கள்தான்.

பதில் போடுங்கள்.

வீரய்யா

•

பதுளை
15.9.1954

வீரய்யாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கால் போனது கேட்டு மிகவும் வருந்தினேன். என் மனைவி சரோஜினியும் வருந்தினாள். உனக்கு அனுப்பச் சொல்லி ஒரு பழைய கம்பளிச் சட்டை தந்திருக்கிறாள். ஆள் கிடைத்ததும் அனுப்புகிறேன்.

நீ நினைப்பதுபோல நான் இங்கே சுகமாக இருப்பதற்காக வரவில்லை. மகளின் படிப்புக்கு இங்கே வசதி, அதற்காகத்தான் துரையிடம் மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது இந்த நேரம் பார்த்துக் கிடைத்தது. மற்றவர்கள் என்ன கதைக்கிறார்களோ தெரியாது.

இந்தப் பதுளையில் சைக்கிளுக்கு மரியாதை என்பது மருந்துக்கும் இல்லை. குவாட்டர்ஸிலிருந்து கந்தோருக்கு ஒன்றரை மைல். அதற்குள் அரசாங்கக் கச்சேரிக்காரர்களின் கார், டாக்டர்மாரின் கார், ஸ்டேஷனுக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றும் லொறிகள், ஒன்றையொன்று முந்தும் பஸ்கள். சனிக்கிழமை என்றால் நாலு திசைத் தோட்டத் துரைமாரும் கிளப்புக்கு வந்துவிடுவார்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் கார் நிற்கும், நடுவிலும் கார் போகும். எனக்கு மிஞ்சுவது சாக்கடைக் கான் ஓரத்தில் ஒரு சாண். அதிலும் வாழைப்பழத் தோல். நேற்று ஒருவர் பாராமல் காரின் கதவைத் திறந்தார். நான் கதவைத் தழுவிக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கதவில் கீறல் விழுந்ததா என்று பார்த்தார். முதல் நாள் நான் செய்ததைச் சொன்னால் நீ சிரிப்பாய். எதிரே ஒரு பெரிய கறுப்புக் கார் வர, நான் பழக்கத்தில் இறங்கி நின்றுவிட்டேன். பின்னால் வந்த பஸ்ஸின் கண்டக்டர் என் தாய் தகப்பனை விசாரித்தான்.

நீ கேட்ட விஷயம். நான் உனக்குப் பின்னால் வந்தது உண்மை. ஆனால் அன்று மலையிலிருந்து பனிப்புகார் இறங்கியிருந்தது. பத்தடிக்கு மேல் சரியாகத் தெரியவில்லை. அவசரப்பட்டு என் பெயரைப் பொலிஸில் சொல்லிவிடாதே. யோசித்துச் செய்யவேண்டிய காரியம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

க. கனகசபை

•

ஆனைக்கல் தோட்டம், நாலாம் நம்பர் லயம்
24.9.1954

கிளாக்கர் ஐயா அவர்களுக்கு,

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சொந்தக்காரன் ஒருவன் முதுகில் ஏறி லயத்துக்கு வந்து சேர்ந்தேன். காம்பராவுக்குள் ஒரு காலோடு நடமாடுவது அவ்வளவு கஷ்டம் இல்லை. எங்கே சாய்ந்தாலும் சுவர் வந்துவிடுகிறது.

நீங்கள் பதுளை ரோட்டைப் பற்றி எழுதியதைப் படித்தேன். பாவமாக இருந்தது. எங்கள் ரோட்டில் கார்கள் குறைவு, அதனால் எந்தக் கார் என்று சத்தத்திலேயே தெரிந்துகொள்ளலாம். பாக்டரி லொறி இரண்டு குட்டை ஹாரன். பஸ் என்றால் ஹாரன் இல்லை, கண்டக்டர் தகரத்தில் தட்டுவான். துரையின் கார் ஒரே நீளம், கையை எடுக்கவே மாட்டார். லொறி வந்தால் நான் சைக்கிளை மண்கரையில் சாய்த்துவிட்டு ஒற்றைக் காலில் நிற்பேன். தெரிந்த டிரைவர் என்றால் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு சந்தி வரைக்கும் மிதிக்காமல் ஏறிவிடுவேன். மழையில் பிரேக் கட்டை வழுக்கும். அப்போது செருப்பை டயரில் அழுத்திப் பிடிக்கவேண்டும். ஏழு வருஷம் இப்படித்தான் ஓட்டினேன். ஒரு கடுதாசி தொலைந்ததில்லை, ஒரு பூனைக்குட்டிகூட என் சக்கரத்தில் பட்டதில்லை. அப்படிப்பட்டவன் பிரேக் இல்லாமல் போய்த் துரை கார்மேல் விழுந்தானாம்.

புகார் என்று எழுதியிருக்கிறீர்கள். புகார் இருந்தது ஐயா. ஆனால் நான் அடிபட்டுக் கிடந்தபோது நீங்கள் ஓடி வந்து, கல்லில் சிதறிக் கிடந்த கடுதாசிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டீர்கள். அந்தப் புகாரில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

பெரகலைச் சந்தியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் புவாத் நானா பொலிஸில் போய் என் சைக்கிளைப் பார்த்தார். முன்சக்கரத்தில் ஒரு கம்பிகூட வளையவில்லையாம். நடுச்சட்டம்தான் பக்கவாட்டில் நசுங்கியிருக்கிறது. ஓட்டிக்கொண்டு போய் மோதினால் முன்சக்கரம்தானே முதலில் போகும் என்கிறார். ஆனால் சைக்கிள் கடைக்காரர் பேச்சைக் கோட்டில் யார் கேட்பார்கள்?

எனக்கு வலிக்கிற இடம் வேறு. நான் ஏன் இறங்கினேன்? ரோட்டில் இறங்கவேண்டும் என்று எனக்குப் பிறக்கும்போதே தெரியுமா? போன வருஷம் துரை காருக்கு இறங்காமல் போய்விட்டேன் என்று மூன்று நாள் காலையில், வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில், இருநூறு பேர் முன்னால், சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்தீர்கள். நல்லம்மா கொழுந்துக் கூடையோடு அந்த வரிசையில் நின்றாள். அன்றைக்குப் பிறகு நான் துரைக்கு இறங்கினேன், சின்னதுரைக்கு இறங்கினேன், உங்களுக்கு இறங்கினேன். நீங்கள் துரைக்கு இறங்கினீர்கள். எனக்கு இறங்கத்தான் தோட்டத்தில் ஆள் இல்லை.

புதுக் கிளாக்கர் சொல்லிவிட்டார். கோட்டில் குற்றவாளி என்று வந்தால் எனக்கும் நல்லம்மாவுக்கும் பேர் வெட்டிப் பற்றுச்சீட்டு. காம்பராவை விட்டுப் போகவேண்டும். ஒரு காலோடு போகிறவனை எந்தத் தோட்டத்தில் பேர் பதிவார்கள்?

வீரய்யா

•

பதுளை
8.10.1954

வீரய்யாவுக்கு,

உன் கடிதத்தைக் கந்தோரில் வைத்துப் படித்தது என் பிழை. பக்கத்து மேசைக்காரர் என்ன, உடம்புக்கு ஏதும் செய்கிறதோ என்று கேட்டார்.

நான் அடுத்த நாளே எழுதியிருப்பேன். எழுத முடியாமல் போய்விட்டது. போன வாரம் செவ்வாய்க்கிழமை மழை. ஒரு கையில் குடை, ஒரு கையில் ஹாண்டில். பின்னால் வந்த கார் ஹாரன் அடிக்கவுமில்லை, விலகவுமில்லை. என்னை அப்படியே கானுக்குள் தள்ளிவிட்டது. இடுப்பளவு தண்ணீர். சந்தியில் நின்ற பொலிஸ்காரர் பார்த்தார். கார் யாருடையது என்று தெரிந்ததும் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். எழுந்து போய்க் கேட்டேன். "மாத்தயா, ரோடு இருக்கிறது வாகனத்துக்குத்தானே" என்று தமிழில் சொன்னார். என் சைக்கிள் என்ன கட்டிலா? முழங்கையில் தையல். காய்ச்சலில் நாலு நாள் படுத்திருந்தேன்.

படுத்திருந்தபோது உன் நினைவுதான். அதை மறைக்கவில்லை. தண்ணீருக்குள் கிடந்தபோது எனக்கு வந்த கோபம் எவ்வளவு என்று எனக்குத்தான் தெரியும். முழங்கை உரசியதற்கே அப்படி என்றால்.

நீ நின்றுகொண்டிருந்தாய். ஓரத்தில்தான் நின்றாய். அதைச் சொல்லலாம். ஆனால் ஒன்று கேட்கவேண்டும். கார் வருவதற்கு முன், நீ இறங்குவதற்கு முன், என்ன நடந்தது என்று உனக்காக வழக்குப் பேசும் புறக்டருக்கு என்ன சொல்லியிருக்கிறாய்? ஏதாவது சத்தம் கேட்டதாகச் சொன்னாயா? எனக்குத் தெளிவாக எழுது. இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

க. கனகசபை

•

ஆனைக்கல் தோட்டம்
19.10.1954

கிளாக்கர் ஐயா அவர்களுக்கு,

முழங்கை ஆறியிருக்கும் என்று நம்புகிறேன்.

சத்தம் கேட்டது. "வீரய்யா, துரை வாறார், இறங்கடா!" என்று கேட்டது. உங்கள் குரல்தான். பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும்போது ஏழு வருஷமாகக் கேட்ட குரல் எனக்கு மாறிப்போகுமா?

நான் அன்றைக்கு இறங்கவேண்டும் என்று நினைக்கவே இல்லை ஐயா. ஹாரன் கேட்டதும் மிதித்து வளைவைத் தாண்டிவிடலாம் என்று தெரிந்தது. தாண்டினால் அந்தப் பக்கம் அகலமான இடம், அங்கே இறங்கிக்கொள்ளலாம். மிதிக்கக் கால் வைத்தேன். உங்கள் குரல் கேட்டது. இறங்கிவிட்டேன்.

புறக்டர் மொஹிதீன் ஐயாவிடம் இதைச் சொல்லவில்லை. நல்லம்மாவிடமும் சொல்லவில்லை. சொன்னால் உங்கள் பிழைப்புக்கு இடைஞ்சல் என்று எனக்குத் தெரியாதா? நீங்கள் என்னைக் கெடுக்க நினைத்துக் கூப்பிடவில்லை. இறங்காமல் போனால் திரும்பவும் பெரட்டுக்களத்தில் நிற்கவேண்டி வருமே என்றுதான் கூப்பிட்டிருப்பீர்கள். அப்படித்தான் நான் நினைத்துக்கொள்கிறேன்.

அது இரண்டு பேருக்குள்ளேயே இருக்கட்டும். நீங்கள் வந்து, வீரய்யா இறங்கி ஓரத்தில் நின்றான், கார்தான் அவன் பக்கத்துக்கு வந்தது என்று சொன்னால் எனக்குப் போதும். பண்டாரவளைக் கோட்டில் நவம்பர் பதினாறாம் தேதி செவ்வாய்க்கிழமை வழக்கு. உங்களுக்கு அழைப்பாணை வரும்.

வீரய்யா

•

பதுளை
2.11.1954

வீரய்யாவுக்கு,

அழைப்பாணை வந்தது. கந்தோருக்கே கொண்டு வந்து தந்தார்கள். எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கம்பனி ஏஜன்ட் துரை என்னைக் கூப்பிட்டு, "கனகசபை, உண்மையை மட்டும் சொல்லும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு மகள் எந்த வகுப்பு என்று கேட்டார். நான் வெளியே வந்து சைக்கிளில் ஏறினால் பெடல் எங்கே என்று கால் தேடுகிறது.

வீட்டில் சண்டை. "ஊரானுக்காக எங்கட பிள்ளையின்ர வாழ்க்கையைப் பாழாக்கப் போறியளோ?" என்று சரோஜினி கேட்டாள். இரண்டு நாள் கழித்து, நேற்றிரவு அவளே என் கோட்டை எடுத்து ஸ்திரிக்கை போட்டு வைத்தாள்.

வருவேன். நீ பயப்படாதே. நீ நின்றாய் என்று சொல்லுவேன். காலை ரயிலில் வந்து இறங்குவேன்.

க. கனகசபை

•

ஆனைக்கல் தோட்டம்
18.11.1954

கிளாக்கர் ஐயா அவர்களுக்கு,

நீங்கள் சாட்சி சொல்லி முடித்ததும் மத்தியான ரயிலுக்குப் போய்விட்டீர்கள். தீர்ப்பு மூன்று மணிக்குத்தான் வந்தது. தெரியாமல் இருக்கலாம் என்று எழுதுகிறேன். குற்றவாளி என்று சொல்லிவிட்டார்கள்.

நீங்கள் வந்தீர்கள். அதற்கு நன்றி. வெள்ளைக் கோட்டோடு கூண்டில் ஏறியதும் நல்லம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா வந்துட்டாருங்க" என்று மூன்று தடவை சொன்னாள். வீரய்யா இறங்கி ஓரத்தில் நின்றான் என்று சொன்னீர்கள். கார் வளைவை வெட்டியது என்றும் சொன்னீர்கள். புறக்டர் ஐயா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்த இரண்டு நிமிஷம் எனக்குக் கால் திரும்பக் கிடைத்ததுபோல இருந்தது ஐயா. பொய் சொல்லவில்லை.

பிறகு துரையின் வக்கீல் எழுந்தார். கார் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்று தோட்டத்தில் எழுத்தில் கட்டளை உண்டா என்று கேட்டார். இல்லை என்றீர்கள். துரை வாயால் எப்போதாவது சொல்லியிருக்கிறாரா என்று கேட்டார். அதற்கும் இல்லை என்றீர்கள். அப்படியானால் இவன் ஏன் வளைவில் நின்றான், உமக்குத் தெரியுமா என்று கேட்டார். நீங்கள் கூண்டின் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். தெரியாது என்றீர்கள்.

மாஜிஸ்திரேட் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் எனக்குச் சொன்னார். இறங்கி நிற்கச் சொல்லி இந்த நாட்டில் சட்டம் இல்லையாம். யாரும் என்னிடம் சொல்லவும் இல்லையாம். பெரிய ரோட்டின் வளைவில், காரணமே இல்லாமல், என் இஷ்டத்துக்கு வாகனத்தை நிறுத்தி வழியை மறித்தேனாம். ஓட்டிக்கொண்டு போயிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது, கவனக்குறைவு என்னுடையதுதான் என்று முடித்துவிட்டார். துரைக்குக்கூட ஆச்சரியம் என்றுதான் நினைக்கிறேன். மோதினான் என்று வழக்குப் போட்டார்கள், நின்றான் என்று தண்டித்தார்கள்.

அன்றைக்கு உங்களைக் காப்பாற்ற நான் வாயை மூடினேன். நீங்களும் வாயை மூடிவிட்டீர்கள். நடுவில் கேட்டவருக்கு ஒன்றுமே தெரியாமல் போய்விட்டது.

இன்னும் ஒரு வழி இருப்பதாக மொஹிதீன் ஐயா சொல்கிறார். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோபிக்கவேண்டாம், வேறு வழி இல்லை. மேல்கோட்டுக்குப் போகலாம். பெரட்டுக்களத்தில் நிற்க வைத்ததையும், அன்றைக்குக் கூப்பிட்டதையும் நீங்கள் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். பத்து நாளைக்குள் மனுப் போடவேண்டும். இருபத்தாறாம் தேதியோடு கதவு மூடிவிடும்.

பற்றுச்சீட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். டிசம்பர் முடியக் காம்பராவைக் கொடுக்கவேண்டும். மேல்கோட்டுக்குப் போனால் முடிவு வரும்வரை யாரும் வெளியே தள்ளமுடியாதாம்.

உங்கள் காலில் விழுகிறேன் என்று எழுத நினைத்தேன். இப்போதைக்கு விழுந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும்.

வீரய்யா

•

பதுளை
20.11.1954

என் அன்புள்ள வீரய்யாவுக்கு,

உன் கடிதம் இன்று காலையில் கிடைத்தது. அரைமணி நேரம்கூடக் காத்திருக்காமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

துரை வாயால் சொன்னதில்லை என்று நான் சொன்னது பொய் இல்லை. போன வருஷம் அன்றைக்கு நீ இறங்காமல் போனாய். துரை காரை நிறுத்தினார். கண்ணாடியை இறக்கினார். ரோட்டோரம் சைக்கிளோடு நின்ற என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் கண்டுபிடித்தவன் நான். உன்னைப் பெரட்டுக்களத்தில் நிறுத்தியவன் நான். மூன்று நாள் என்று கணக்கு வைத்தவனும் நான்தான். துரை கேட்கவே இல்லை. மூன்றாம் நாள் அவர் அந்தப் பக்கமாகக் குதிரையில் போனார். உன்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அதையே நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அன்றைக்கு இரண்டு பிடி சோறு கூடச் சாப்பிட்டேன். இன்று நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்காத நாள் அது. ஆனால் அன்றைக்குப் பிடித்திருந்தது.

பதினாலாம் தேதி நான் கூப்பிட்டேன். உனக்காகக் கூப்பிட்டேன் என்று நீ பெருந்தன்மையாக எழுதியிருந்தாய். அது சரியில்லை. எனக்கு முன்னால் போகிற தப்பால்காரன் இறங்காமல் போனால் துரை மறுபடியும் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்ப்பாரே என்ற பயத்தில் கூப்பிட்டேன். உன் கால் அந்தப் பயத்துக்குப் போனது.

கோட்டில் மூன்றாவது கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். தொண்டை வரை வந்தது. "நான் கூப்பிட்டேன், அதனால் நின்றான்." நாலு சொல். துரை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் என்னை முறைக்கவில்லை. என்னைப் பார்க்கவே இல்லை. கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தச் சொல் திரும்ப உள்ளே போய்விட்டது. பிறகு ஸ்டேஷனுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். நல்லம்மா வெளியே நின்று எனக்குக் கும்பிட்டாள். நான் காணாததுபோலப் போனேன்.

நீ கேட்டபடி எல்லாவற்றையும் தனித்தாளில் ஆங்கிலத்தில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் இட்டு இதனுடன் வைத்திருக்கிறேன். பெரட்டுக்களம், கூப்பிட்ட சொல், கார் வந்த பக்கம், எல்லாம் இருக்கிறது. வேலை போனால் போகட்டும். சரோஜினிக்கு இன்னும் சொல்லவில்லை. ஊருக்குப் போய்ப் புகையிலைக் கன்றுக்குத் தண்ணீர் இறைத்தாவது சீவிக்கலாம். மகள் எங்கே படித்தாலும் படிக்கிற பிள்ளை படிக்கும்.

மனு போடுவதற்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. புறக்டரிடம் உடனே கொடு. மழை பெய்கிறது, ஆனாலும் இன்றைய தபாலிலேயே போகும்படி இப்போதே எழுந்து போகிறேன்.

என்னை மன்னிக்க முடிந்தால் மன்னித்துக்கொள்.

உன்,
கனகசபை

•

ஆனைக்கல் தோட்டம்
3.12.1954

கனகசபை அவர்களுக்கு,

உங்கள் கடுதாசி டிசம்பர் முதலாம் தேதி கைக்கு வந்தது. உள்ளே இருந்த தாளை நல்லம்மா அன்றைக்கே பஸ் ஏறிப் பண்டாரவளைக்குக் கொண்டு போனாள். கொழுந்துச் சம்பளம் ஒரு நாள் போனது. மொஹிதீன் ஐயா இரண்டு தடவை படித்தாராம். வேண்டியது எல்லாம் இருக்கிறது, இதைவிட நன்றாக ஒருவரால் எழுத முடியாது என்று சொன்னாராம். பிறகு காலண்டரைக் காட்டி, அஞ்சு நாள் பிந்திவிட்டது அம்மா என்றாராம். அவள் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாளாம். திரும்பி வந்து என்னிடம், "பாவம், கிளாக்கரையா அன்னைக்கே எழுதிட்டாருங்க, தப்பால்தான் வழியில சொணங்கிப்போச்சு" என்று அழுதாள். கடுதாசியில் இருபதாம் தேதி என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

நான் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

ஏழு வருஷம் தப்பால் பார்த்தவன் உறையைக் கையில் வாங்கினால் பெயரைப் பார்ப்பதற்கு முன் முத்திரையைத்தான் பார்ப்பான். பை பிந்தினால் துரை எங்களைத்தான் கேட்பார், அதனால் வந்த பழக்கம். பதுளைத் தபால் கந்தோரில் போட்டால் மறுநாள் பெரகலைச் சந்தி. மழையானால் அதற்கடுத்த நாள். அதற்கு மேல் ஒரு கடுதாசியும் சுணங்கியதில்லை. உங்கள் உறையில் முத்திரை நன்றாக, வட்டமாக, ஒரு எழுத்தும் அழியாமல் விழுந்திருக்கிறது. பதுளை, 29 நவம்பர், காலை.

எழுதியது இருபதாம் தேதி என்பதை நான் நம்புகிறேன். அழுதுகொண்டு எழுதினீர்கள் என்பதையும் நம்புகிறேன், இரண்டு இடத்தில் மை கலைந்திருக்கிறது. பத்து நாள் கணக்கு உங்களுக்குத் தெரியும். ஆறு நாள் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வேலை போகாமல் இருக்கவேண்டும், மனசும் சுத்தமாக இருக்கவேண்டும் என்று இரண்டையும் பார்த்திருக்கிறீர்கள். இரண்டும் கிடைத்துவிட்டது. உண்மை முழுவதும் இப்போது என்னிடம் இருக்கிறது, கையெழுத்தோடு. அதை வைத்துக்கொண்டு செய்வதற்குத்தான் ஒன்றும் இல்லை.

முப்பத்தோராம் தேதி பசறைப் பக்கம் நல்லம்மாவின் அண்ணன் காம்பராவுக்குப் போகிறோம். அங்கே ஏற்கெனவே ஒன்பது பேர். அந்த விலாசத்தை நான் உங்களுக்குத் தரப்போவதில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், பதில் போடவேண்டாம். இருபதாம் தேதியிலிருந்து இருபத்தொன்பதாம் தேதி வரைக்கும், தினமும் இரண்டு வேளை, உங்கள் கந்தோருக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற தபால் பெட்டியைத் தாண்டிச் சைக்கிளில் போயிருப்பீர்களே. ஒரு நாளாவது அங்கே இறங்கவேண்டும் என்று உங்களுக்குத் தோன்றவில்லையா?

வீரய்யா